டாக்டருக்கு ஷிப்ட் முடிவது எப்போது?

பூமிக்கு அடியில் இறங்கிய சுரங்கத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று சட்டம் இருந்தது. அவருக்கு வைத்தியம் பார்த்தவருக்கு அப்படி ஒரு வரம்பு இருந்ததில்லை. காகிதத்தில் எழுதப்பட்ட வரம்புகளும் வார்டு வாசலோடு நின்றுவிட்டன. டாக்டரின் களைப்பு டாக்டரோடு போய்விடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் சுரங்கத்துச் சங்குதான் ஊருக்கே கடிகாரம். சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் மேலே வரும், இன்னொரு ஷிப்ட் கூண்டில் ஏறிக் கீழே இறங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆழத்திலும் பாறை வெடிப்பு, வெக்கை, தூசி என்று எத்தனையோ கொடுமைகளுக்கு நடுவிலும் தொழிலாளிக்கு ஒரு விஷயம் நிச்சயம்: ஷிப்ட் முடியும். 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. பூமிக்கு அடியில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. சங்கு அடங்கியது. ஆனால் ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளிலும் சனங்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பேரன் பேத்திகள். இவர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்போது பிழைப்பு பெங்களூரில். மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் அதிகாலை ரயில் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் போய், வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரின் நேரத்தையும் ரயில்தான் தீர்மானிக்கும். காய்ச்சல்காரர் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் டாக்டரைத் தேடி வர முடியும். சர்க்கரைக்காரர் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். ஆக, ஊருக்கு ஓய்வு கிடைக்கும் நேரமெல்லாம் டாக்டருக்கு வேலை நேரம். பகலிலாவது சும்மா இருக்கலாமா என்றால், குழந்தைகளும் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் பகலில்தான் வருவார்கள். பல சிறு நகரங்களைப் போலக் கீழே கிளினிக், மேலே வீடு என்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ராத்திரி 2 மணிக்கும் கதவு தட்டப்படும்.

இந்தக் கதை தங்கவயலுக்கு மட்டும் உரியதல்ல. குடியாத்தத்திலும் கோவில்பட்டியிலும் தாராவியிலும் இதேதான். ஆனால் தங்கவயலில் நின்றுகொண்டு பார்த்தால் ஒன்று கூடுதலாகத் தெரிகிறது. ஒரு தொழில் மனிதனை எப்படித் தின்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரைத் திருத்துவது என்ற கேள்விகளை இந்த மண் ஏற்கெனவே ஒரு முறை சந்தித்திருக்கிறது.

*தூசியைக் குறை சொல்வதா, நுரையீரலையா?*

இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் முதன்முதலில் பெரிய அளவில் பதிவானது கோலார் தங்கவயலில்தான். 1940-களில் இங்கே 7,000-க்கும் அதிகமான சுரங்கத் தொழிலாளிகளைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து அதைத் தழும்பாக்கிவிடும். பிறகு மூச்சு திரும்பாது.

இதற்குத் தடுப்பு என்ன? நுரையீரலைப் பலப்படுத்துவதா? இல்லை. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே துளையிடுவது, காற்றோட்டம் அமைப்பது, தூசியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. அதாவது ஆளை அல்ல, வேலையைத் திருத்துவது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு விபரீதக் குறுக்கு வழி பார்த்தார்கள். சிலிக்காவுக்கு மாற்று என்று சொல்லி, தங்கச் சுரங்கத் தொழிலாளிகளை ஷிப்டுக்கு முன்னால் அறைக்குள் நிறுத்தி, அலுமினியப் பொடியை மூச்சில் இழுக்க வைத்தார்கள். 1943-ல் ஆரம்பித்த இந்தப் பழக்கம் 1979 வரை நீடித்தது. பலன் ஒன்றும் இல்லை. அந்தத் தொழிலாளிகளில் பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு மாகாணம் பின்னால் நஷ்டஈடு தர வேண்டியதாயிற்று. தூசி இருந்த இடத்தில்தான் இருந்தது.

டாக்டர்களின் களைப்பைப் பற்றிய இன்றைய பேச்சுக்கு இந்தக் கதை கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘பர்ன்-அவுட்’ என்ற சொல்லை இந்தப் பொருளில் முதலில் எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர். ஆண்டு 1974. நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை பார்த்த தொண்டர்களைக் கவனித்துத்தான் அவர் அதை எழுதினார். அந்தச் சொல் பிறந்ததே வைத்தியம் பார்க்கிற இடத்தில். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தது. நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாக. சமாளிக்கப்படாத நீண்ட நாள் வேலை அழுத்தத்தின் விளைவு என்று விளக்கமும் தந்தது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு வருதல், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம்.

இரண்டாவது அடையாளத்தைத்தான் நோயாளி முதலில் பார்க்கிறார். ‘டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதுகிறார்’ என்று ஊரில் சலித்துக்கொள்வது இதைத்தான். பணத்திமிர் என்று நாம் நினைப்பது பல சமயங்களில் வற்றிப்போன கிணறு.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களின் பதில் என்ன? ஒரு நாள் யோகா முகாம், ஒரு தியான வகுப்பு, ஜூலை 1-ஆம் தேதி டாக்டர்கள் தினத்தன்று ஒரு ரோஜாப்பூ. யோகாவில் தப்பில்லை. ஆனால் 36 மணி நேர டூட்டியை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது, தூசியை விட்டுவிட்டு அலுமினியப் பொடி கொடுத்த கதைதான்.

*1992-ல் 48, 2024-ல் 74*

அமைப்புதான் கோளாறு என்பதற்குப் பெரிய ஆஸ்பத்திரிகளின் பயிற்சி டாக்டர்களே சாட்சி. இவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை என்று சொல்ல முடியாது. உச்சநீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 1992 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு விதி போட்டது. ரெசிடென்ட் டாக்டர்களின் தொடர் வேலை சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு 48 மணி நேரம். முறை வைத்து வார விடுமுறை. சுரங்கத் தொழிலாளிக்கு இருந்த அதே 48.

அந்தக் காகிதம் வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் முதுநிலை மாணவர்களுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. ‘நியாயமான வேலை நேரம்’, வார விடுமுறை ஒரு நாள், ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் லீவு. நியாயம் என்றால் எத்தனை மணி நேரம்? எண் இல்லை. எண் இல்லாத விதியை மீறவே முடியாது என்பது நிர்வாகங்களுக்கு வசதி.

அதே ஆணையம் மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஒரு பணிக்குழு அமைத்தது. தலைமை, பெங்களூர் நிம்ஹான்ஸ் பேராசிரியர் சுரேஷ் படா மத். 2024-ல் வெளிவந்த அறிக்கை அதிர வைப்பது. இணையம் வழியாக 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பதில் சொன்னார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதத்தினரும் முதுநிலை மாணவர்களில் 15.3 சதவீதத்தினரும் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டறியப்பட்டதைத் தெரிவித்தார்கள். முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதத்தினருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருக்கிறது. முதுநிலையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வார விடுமுறை முறையாகக் கிடைப்பதில்லை. தானாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது. எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணையமே தந்த எண்ணுக்கு அந்தச் சமாதானம் சொல்ல முடியாது: ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1,270 பேர் படிப்பை விட்டு விலகினார்கள். அதில் 1,117 பேர் முதுநிலை. நாடே போட்டி போட்டுப் பிடிக்கும் இடம் அது. அதையும் வேண்டாமென்று வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குழுவின் பரிந்துரை: வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுமுறை, தினமும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம். 1992-ல் 48 என்று எழுதிய நாடு 2024-ல் 74 என்று எழுதுகிறது. இதை முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டியிருக்கிறது என்றால், நடைமுறை எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த ஆண்டுதான், ஆகஸ்ட் 9-ஆம் தேதி, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஒரு பயிற்சி டாக்டர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட டூட்டியின் நடுவே அவர் படுத்திருந்த இடம் கருத்தரங்கு அறை. உச்சநீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, ஆகஸ்ட் 20-ல் தேசியப் பணிக்குழு அமைத்தது. டூட்டி டாக்டர்களுக்குப் பூட்டுள்ள ஓய்வறை, கழிப்பறை, ராத்திரியில் வீட்டுக்குப் போக வண்டி என்றெல்லாம் அப்போதுதான் நாடு பேச ஆரம்பித்தது. சுரங்கத்து ஆழத்துக்குக் கூண்டு போட்டுக் கொடுத்த நாட்டில், டாக்டருக்கு ஒரு கட்டில் போடுவதற்கு உச்சநீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

*தூங்காத கையில் ஊசி*

‘நாங்களும் இப்படித்தான் படித்தோம்’ என்று மூத்த டாக்டர்கள் சொல்வது வழக்கம். களைத்துக் கற்றால்தான் கை பழகும் என்பது ஒரு நம்பிக்கை. ஆனால் விஞ்ஞானம் அந்தப் பக்கம் இல்லை.

1984-ல் நியூயார்க்கில் லிபி ஜயன் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். கவனித்தவர்கள் நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள். அவருடைய தந்தை ஒரு பத்திரிகையாளர். அவர் விடவில்லை. விளைவு: 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ந்து 24 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. 2003-ல் அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிற்சி டாக்டர்களுக்கும் வாரம் 48 மணி நேரம் என்பது 2009-ல் வந்தது.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் ஒரு எளிய பரிசோதனை செய்தார்கள். ஒருவரை 24 மணி நேரம் விழித்திருக்கச் செய்து கை-கண் ஒருங்கிணைப்பைப் பார்த்தார்கள். ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் ஏறியவரின் நிலைக்குச் சமமாக இருந்தது. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டியதற்கு வழக்கு. 2004-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட டூட்டியையும் குறைத்த டூட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீண்ட டூட்டியில் பயிற்சி டாக்டர்கள் செய்த மோசமான தவறுகள் 36 சதவீதம் அதிகம்.

குடித்துவிட்டு ஊசி போட வரும் டாக்டரை எந்த நோயாளியும் அனுமதிக்க மாட்டார். தூங்காமல் வந்தால் தியாகி என்கிறோம்.

*ஆயுள் கணக்கும் அதிலுள்ள ஓட்டையும்*

டாக்டர்கள் சீக்கிரம் செத்துப்போகிறார்கள் என்ற செய்தி அடிக்கடி சுற்றுகிறது. அதன் மூலம், இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை 2017-ல் வெளியிட்ட கணக்கு. சங்கத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இருந்த சுமார் 10,000 டாக்டர்களில், பத்தாண்டுகளில் 282 பேர் இறந்தார்கள். அவர்களின் சராசரி வயது 61.75. கேரளத்தில் பொதுமக்களின் சராசரி ஆயுளோ 74.9. ஆக 13 ஆண்டு குறைவு என்று தலைப்புகள் அலறின.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் எத்தனை வயது வரை வாழ்வார்கள் என்பது இந்தச் சராசரியில் சேரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இறந்துபோன மாணவர்களின் சராசரி வயதைக் கணக்கிட்டால் 12 என்று வரும். அதற்காகப் பள்ளிக்குப் போனால் 12 வயதில் மரணம் என்று சொல்ல முடியுமா? எனவே 13 ஆண்டு என்ற எண்ணை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் மரணக் காரணங்கள் யோசிக்க வைக்கின்றன. 27 சதவீதம் இதய நோய், 25 சதவீதம் புற்றுநோய். 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் உறுதியானது: வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். இது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். தங்கவயல் போன்ற ஊரில் காலையும் மாலையும் கிளினிக், நடுவில் நர்சிங் ஹோம், ஞாயிறும் உண்டு என்று கூட்டிப் பாருங்கள். 55 என்பது வியாழக்கிழமையே வந்துவிடும்.

2025 ஆகஸ்டில் சென்னையில் 39 வயது இதய அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் சரிந்தார். ஒரு மரணத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் தன் நெஞ்சைத் தானே பரிசோதித்துக்கொள்ள நேரமில்லாத தொழில் இது என்பதைச் சொல்ல அந்த ஒரு செய்தி போதுமாக இருந்தது.

*குறைந்த ஃபீஸ், நிறைய நேரம்*

நேரத்தைக் குறைத்துக்கொண்டால் என்ன? யார் தடுக்கிறார்கள்? தனியார் டாக்டரைப் பார்த்து இப்படிக் கேட்பவர்கள் உண்டு. தடுப்பது கணக்குப் புத்தகம்.

சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கவயலில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். சுரங்கத்தோடு அதுவும் போயிற்று. இருபதாண்டுகள் பாழடைந்து கிடந்த அந்தக் கட்டடத்தை 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் கூட்டிப் பெருக்கித் திறந்தார்கள் என்பது இந்த ஊர் பெருமைப்பட வேண்டிய செய்தி. அதுவரை அது பூட்டிக் கிடந்தது என்பது வருத்தப்பட வேண்டிய செய்தி. இடைப்பட்ட காலத்தில் வேலை போனவரும் விதவையும் கூலிக்காரரும் வைத்தியத்துக்குக் கைக்காசைத்தான் எடுத்து வைத்தார்கள். இப்படிப்பட்டவர்களிடம் ஃபீஸை ஏற்ற மனசாட்சியுள்ள டாக்டருக்குக் கை வராது. ஃபீஸ் குறைவு என்றால் நோயாளிகள் எண்ணிக்கை அதிகமாக வேண்டும். எண்ணிக்கை அதிகமானால் நேரம் நீளும், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நிமிடம் சுருங்கும். 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017-ல் வந்த ஆய்வில், ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு டாக்டர் தரும் நேரம் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவுக்குக் கிடைத்த கணக்கு சுமார் 2 நிமிடம்.

கூடவே கடன். எம்.டி. படிக்க வாங்கியது, ஸ்கேன் மெஷினுக்கு வாங்கியது. ஒரு நாள் கிளினிக் மூடினால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போவார்; போனவர் திரும்புவாரா என்ற பயம். அதனால் காய்ச்சலோடும் கிளினிக், மகளின் பள்ளி விழா அன்றும் கிளினிக்.

*தெய்வம் என்ற சுமை*

நம் சமூகம் டாக்டரைப் புகழும் விதமும் அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனை வாசலில் நிற்கும் சிலை டாக்டர் ரங்காச்சாரியுடையது. ராத்திரி பகல் பாராமல் உழைத்தவர், தூரத்து நோயாளிகளைப் பார்க்கச் சொந்தமாக விமானமே வைத்திருந்தவர் என்று இன்றும் பேசப்படும் மேதை. 1934-ல் டைபாய்டு கண்டு இறந்தபோது அவருக்கு வயது 52. ஓயாத உழைப்பைப் பற்றிப் பேசும் நாம் அந்த 52-ஐப் பற்றிப் பேசுவதில்லை.

தெய்வம் என்று சொல்லி உயரத்தில் வைத்தால் இறக்குவதும் சுலபம். நோயாளி பிழைத்தால் தெய்வம், பிழைக்காவிட்டால் கொலைகாரன். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த நரம்பியல் நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கும்பல் கல்லெறிந்தது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் நிபுணரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினார். ஆஸ்பத்திரி வன்முறைக்கு எதிராகத் தமிழகத்தில் 2008-லும் கர்நாடகத்தில் 2009-லும் சட்டம் வந்தாயிற்று. சட்டம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பயத்தோடு வேலை பார்ப்பவருக்கு ஓய்வு நேரத்திலும் ஓய்வில்லை.

பெண் டாக்டரின் நிலை தனி. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்த பிறகு அடுப்படி ஷிப்ட் ஆரம்பம். 20 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2024-ல் வெளியான ஆய்வில், ஆண் டாக்டர்களின் தற்கொலை விகிதம் பொது ஆண்களைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. பெண் டாக்டர்களின் விகிதமோ பொதுப் பெண்களைவிட 76 சதவீதம் அதிகம்.

இத்தனைக்கும் உதவி கேட்பதில் மிகவும் பின்தங்கியவர்கள் டாக்டர்கள்தான். மனநல நிபுணரிடம் போவதை ஊர் பார்த்துவிடுமோ என்ற கூச்சம். தூக்கம் வரவில்லையா, தானே ஒரு மாத்திரை. நெஞ்சு எரிகிறதா, அதற்கும் தானே ஒன்று. ஊருக்கெல்லாம் குடும்ப டாக்டராக இருப்பவருக்கு ஒரு குடும்ப டாக்டர் கிடையாது.

*எது பலிக்கும்?*

டாக்டர்களின் பர்ன்-அவுட்டைக் குறைக்க உலகில் செய்த முயற்சிகளை எடைபோட்டு 2017-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். தியானம், பயிற்சி வகுப்பு என்று தனி ஆளைத் திருத்தும் முயற்சிகளுக்குப் பலன் உண்டு, ஆனால் சொற்பம். டூட்டி நேரத்தை மாற்றுவது, வேலைப் பளுவைக் குறைப்பது என்று அமைப்பைத் திருத்திய இடங்களில் பலன் அதிகம். தங்கவயல் சிலிக்கோசிஸ் கற்றுத் தந்த அதே பாடம்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்ய வேண்டியது தெளிவு: டூட்டிப் பட்டியலை எழுதி ஒட்ட வேண்டும், மீறினால் கேட்க ஓர் அதிகாரி வேண்டும், காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஆளில்லாமல் நேரத்தைக் குறைக்க முடியாது. சிறு நகரத்தில் வழி வேறு. நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமையை முறை வைத்துப் பிரித்துக்கொண்டால், மாதத்தில் மூன்று ஞாயிறு ஒவ்வொருவருக்கும் மிச்சம். ராத்திரி அவசரத்துக்கும் அப்படியே. இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ‘என் நோயாளியை அவர் பிடித்துக்கொள்வார்’ என்ற பயம் போக வேண்டும். இரண்டு, நோயாளியின் கையில் நோய் விவரமும் மருந்துப் பெயரும் தெளிவாக எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த டாக்டரால் தொடர முடியும். இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

ஒவ்வொரு டாக்டரும் தனக்கென்று இன்னொரு டாக்டரை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு முறை சட்டையைக் கழற்றிப் பரிசோதனைக்கு உட்கார வேண்டும். உலக மருத்துவர் சங்கம் 2017-ல் திருத்திய ஜெனிவா உறுதிமொழியில் இதுவும் சேர்ந்துவிட்டது: நல்ல சிகிச்சை தருவதற்காகத் தன் உடல்நலத்தையும் மனநலத்தையும் பார்த்துக்கொள்வது டாக்டரின் கடமை. சலுகை அல்ல, கடமை. மனம் தாங்காத நேரத்தில் பேச, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். அது டாக்டருக்கும்தான்.

நோயாளிகளின் பங்கு ஒன்றும் இல்லையா? உண்டு. ஒரு வாரமாக இருக்கும் இருமலுக்கு ராத்திரி 11 மணிக்குக் கதவைத் தட்டாமல் இருக்கலாம். டாக்டர் லீவு என்று போர்டு தொங்கினால், ‘இவருக்கு என்ன லீவு’ என்று கேட்காமல் இருக்கலாம். முறை வைத்து உட்காரும் இன்னொரு டாக்டரை நம்பலாம்.

வைத்தியம் என்பது நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என்ற நான்கும் சேர்ந்தது என்று ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் கணக்கு வைத்திருக்கிறார். நான்கில் மூன்றைப் பற்றி நாம் ஓயாமல் கவலைப்படுகிறோம். மருந்து கலப்படமா என்று சோதிக்கிறோம். நோயாளிக்குப் பத்தியம் பார்க்கிறோம். துணைக்கு ஆள் தேடுகிறோம். நான்காமவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்க மட்டும் யாரும் இல்லை.

தங்கவயலில் சங்கு ஓய்ந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அந்தச் சங்கு தொழிலாளியை வேலைக்குக் கூப்பிட்டது மட்டுமல்ல, வீட்டுக்கும் அனுப்பியது. டாக்டர்களுக்கு இன்னும் யாரும் அந்த இரண்டாவது சங்கை ஊதவில்லை.